அந்தச் சத்தம் என்ன? நேரோபாடி விமானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுவில் ஒரே ஒரு நடைபாதை, இருபுறமும் மூன்று மூன்று இருக்கைகள். ஒன்றிரண்டு மணி நேரப் பயணம் என்றால் பெரும்பாலும் இந்த வகை விமானத்தில்தான் ஏறியிருப்பீர்கள். நான் இதில் துணை விமானியாக ஆரம்பித்து இப்போது கேப்டன் இருக்கையில் உட்காருகிறேன். விடுமுறை நாட்களில் பயணியாகப் பின்வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே நொடி முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் வேறு மாதிரியும் இருக்கும். பின்னால் பயந்துகொண்டிருப்பவரிடம் விளக்கம் சொல்ல, முன்னால் இருப்பவருக்கு அந்த நேரத்தில் கை ஒழியாது. இறங்கும்போது வாசலில் நின்று என்னிடம் கேட்பவர்களின் கேள்விகளுக்கு இங்கே பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

நேரோபாடி என்றால் எந்தெந்த விமானங்கள்?

ஒற்றை நடைபாதை உள்ள ஜெட் விமானங்கள் எல்லாம் இந்த வகைதான். போயிங் 737 குடும்பமும், ஏ318 முதல் ஏ321 வரையிலான ஏர்பஸ் ஏ320 குடும்பமும்தான் இதில் பெரும்பங்கு. 737 முதலில் பறந்தது 1967 ஏப்ரலில், ஏ320 பறந்தது 1987 பிப்ரவரியில். இரண்டு குடும்பங்களிலும் தனித்தனியாக 10,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டுவிட்டன. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று இருக்கை உள்ள ஏ220-யும், இரண்டிரண்டாக உள்ள எம்ப்ரேயர் இ-ஜெட்டும் இதே வகைதான். எம்ப்ரேயரில் நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது.

ஏ320, 737 இரண்டையும் வெளியிலிருந்து எப்படி அடையாளம் காண்பது?

மூக்கைப் பாருங்கள். 737-இன் மூக்கு கூர்மை, ஏ320-இன் மூக்கு உருண்டை. அப்புறம் வால். 737-இல் செங்குத்து வாலின் அடியில் சாய்வாக ஒரு சின்னத் துடுப்பு முன்னோக்கி நீண்டிருக்கும். தலைக்கு மேலே பறந்து போகும்போது அடிவயிற்றில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தால் அது 737. சக்கரங்களை உள்ளே மடக்கிய பிறகும் அவற்றை முழுதாக மூடும் கதவு அதில் இல்லை.

இதற்கெல்லாம் பின்னணி உண்டு. ஏணி, கன்வேயர் போன்ற வசதிகள் குறைந்த விமான நிலையங்களிலும் தரையில் நின்றபடியே பெட்டிகளை ஏற்ற வேண்டும் என்று 1960-களில் 737-ஐத் தரையோடு ஒட்டித் தாழ்வாக வடிவமைத்தார்கள். பிறகு இன்ஜின்கள் பெரிதாகிக்கொண்டே போயின, அடியில் இடம் இல்லை. அதனால்தான் 737-300-இலிருந்து இன்ஜின் கூட்டை அடியில் தட்டையாக்கினார்கள். பக்கவாட்டில் கன்னம் உப்பினாற்போல் இருக்கும். ஏ320 பிறக்கும்போதே கால் நீளம், அதற்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். இறக்கையின் அகலம் 36 மீட்டரைத் தொடாது. இந்த அளவு விமானங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடங்களின் வரம்பு அது. இறக்கை முனை மேல்நோக்கி வளைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாட்டில் நீட்டினால் கிடைக்கும் பயனில் ஒரு பங்கை மேலே நீட்டிப் பெறுகிறார்கள்.

உள்ளே உட்காருபவருக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஏ320-இன் உட்புற அகலம் 3.70 மீட்டர், 737-இல் சுமார் 3.54 மீட்டர். ஏறத்தாழ 16 செ.மீ. வித்தியாசத்தை ஆறு இருக்கைகளும் ஒரு நடைபாதையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஏ320-இல் இருக்கை அகலம் பொதுவாக 18 அங்குலம், 737-இல் 17. தோள் அகலமானவர் நடு இருக்கையில் உட்கார்ந்தால் அந்த ஓர் அங்குலம் நன்றாகவே தெரியும். முழங்காலுக்கான இடம் விமானத்தைப் பொறுத்தது அல்ல. வரிசைகளை எவ்வளவு நெருக்கிப் போடுவது என்று முடிவு செய்வது விமான நிறுவனம்.

விமானிகளுக்கு எது பிடிக்கும்?

எதில் அதிகம் ஓட்டினார்களோ அதுதான். ஆனால் இரண்டு காக்பிட்டும் இரண்டு வேறு உலகங்கள். 737-இல் உங்கள் முன்னால் பெரிய ஸ்டீயரிங், அதிலிருந்து இறக்கை, வால் வரை கேபிள்கள். வலது பக்கம் துணை விமானி திருப்பினால் இடது பக்கம் கேப்டனின் கையிலும் அது திரும்பும். மூக்கு மேலே தூக்கியோ கீழே தாழ்ந்தோ போகாமல் சமநிலைப்படுத்தும் டிரிம் சக்கரம் இருவருக்கும் நடுவில் இருக்கிறது, அது கடகடவென்று சுற்றும்போது முழங்காலைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏ320-இல் ஸ்டீயரிங்கே இல்லை. பக்கவாட்டில் ஒரு சிறிய ஸ்டிக், அவ்வளவுதான். கேப்டன் இடது கையால் ஓட்டுவார். கையின் அசைவு கணினிக்குப் போகும், கணினி இறக்கைக்குச் சொல்லும். இயல்பு நிலையில் 67 டிகிரிக்கு மேல் சாய்க்கவோ, மூக்கை 30 டிகிரிக்கு மேல் தூக்கவோ அது விடாது. இரண்டு ஸ்டிக்கும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் ‘டூவல் இன்புட்’ என்று குரல் எச்சரிக்கும். இதைப் பெரிய குறை என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் கை என்ன செய்கிறது என்று என் கைக்குத் தெரிவதில்லை. அதனால் வாயால் சொல்லும் பழக்கம் இங்கே உயிர்நாடி. ‘என் கட்டுப்பாட்டில்’, ‘உங்கள் கட்டுப்பாட்டில்’ என்று சொல்லாமல் யாரும் ஸ்டிக்கைத் தொடக் கூடாது.

ஸ்டீயரிங் இல்லாத இடத்தில் ஒரு மடக்கு மேசை இருக்கிறது. சாப்பிடும்போது 737 நண்பர்கள் தட்டை மடியில் வைத்துக்கொள்வார்கள், ஏ320 ஓட்டும் நாங்கள் மேசையை இழுத்து வைத்துக்கொள்வோம்.

புறப்படும் முன் ஏசி ஏன் நின்றுபோகிறது?

விமானத்தின் வால் நுனியில் ஏ.பி.யு. என்ற சிறிய இன்ஜின் இருக்கிறது. நிற்கும்போது மின்சாரமும் ஏசிக்கான காற்றும் அதிலிருந்துதான் வருகின்றன. பெரிய இன்ஜின்களைச் சுழற்றி எழுப்புவதற்கும் அதே காற்றுதான் வேண்டும். அந்த நேரத்தில் ஏசியை அடைத்து, முழுக் காற்றையும் இன்ஜினுக்குத் திருப்புகிறோம். ஒன்றிரண்டு நிமிடம் புழுக்கமாக இருக்கும், அப்புறம் தானாக வந்துவிடும். விளக்கு ஒரு கணம் மினுக்கினால், மின்சாரம் ஏ.பி.யு.விலிருந்து இன்ஜின் ஜெனரேட்டருக்கு மாறுகிறது என்று பொருள்.

ஏசி துவாரத்திலிருந்து வெள்ளையாக வருவது புகையா? இல்லை. ஈரமான காற்று சட்டென்று குளிரும்போது உண்டாகும் பனிமூட்டம் அது. புகைக்கு வாசனை உண்டு, இதற்கு இல்லை.

தரைக்கு அடியில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் வருகிறதே?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். சிலருக்கு ரம்பத்தால் மரம் அறுப்பது போலக் கேட்கும். ஏ320 குடும்பத்தில் மட்டும் வரும் சத்தம் இது. திரவ அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள், பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று அதில் உண்டு. பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையில் அழுத்தம் மிகவும் வேறுபட்டால், அழுத்தம் உள்ளது இல்லாததற்குக் கைகொடுக்க ஒரு கருவி ஓடும். அது விட்டு விட்டு ஓடுவதால்தான் குரைப்பது போல ஒலிக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த ஒரே இன்ஜினில் தரையில் ஊர்ந்து போகும்போதும், இரண்டாவது இன்ஜினை எழுப்பும்போதும் கேட்கும். நடு வரிசைகளில் உட்கார்ந்தால் காலடியிலேயே கேட்கும். காக்பிட்டில் எங்களுக்கு அது அவ்வளவாகக் கேட்பதில்லை. பயணியாக உட்கார்ந்த அன்றுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்கே புரிந்தது.

மேலே கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கீழே விழுவது போல இருக்கிறது. ஏன்?

பயணிகள் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது அந்த இடத்தில்தான். அந்த நேரத்தில் முன்னால் நடப்பது மிகச் சாதாரணமான ஒரு வேலை. தரையைவிட்டு எழும்போது இன்ஜின் அதிக விசையில் இருக்கும். சுமார் 1,000 முதல் 1,500 அடி உயரம் வந்ததும் அவ்வளவு விசை தேவையில்லை. ஏ320-இல் லீவர்களை ஒரு படி பின்னால் இழுத்தால் ‘க்ளைம்ப்’ என்ற பள்ளத்தில் ‘டக்’ என்று விழும். இன்ஜினின் இரைச்சல் சட்டென்று குறையும். அதே நேரம், வேகம் பிடிப்பதற்காக மூக்கைச் சில டிகிரி இறக்குகிறோம். முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டிருந்த விசை தளர்கிறது.

வெளியே பார்க்காதபோது உள்காது ஏமாந்துபோகும். அழுத்தம் குறைந்ததை ‘கீழே போகிறோம்’ என்று மூளைக்குச் சொல்லிவிடும். உண்மையில் விமானம் அந்த நொடியிலும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அடுத்த முறை அந்த உணர்வு வரும்போது ஜன்னல் வழியே ஏதாவது ஒரு கட்டடத்தையோ சாலையையோ பார்த்துக்கொண்டிருங்கள். அது சிறிதாகிக்கொண்டே போகும். அதைத் தொடர்ந்து வரும் ‘ஙொய்ங்’ என்ற நீளமான சத்தம், இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருந்த மடல்கள் உள்ளே இழுக்கப்படுவது. அதற்கு முன்னால் வந்த ‘தொம்’ என்ற சத்தம், சக்கரம் மடங்கியது.

குலுக்கலில் இறக்கை உடைந்துவிடாதா?

உடையாது. அந்த விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிக மோசமான சுமையைக் கணக்கிட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்கு சுமையைத் தாங்குமாறு இறக்கையைச் செய்கிறார்கள். அது ஆடுவது பலவீனம் அல்ல. ஆடுவதற்காகத்தான் அப்படி வளையும்படி செய்திருக்கிறார்கள். வளையாத இறக்கை என்றால் அந்தக் குலுக்கல் முழுவதும் உங்கள் இருக்கைக்கு வந்துவிடும்.

பின்னால் ‘நூறு மீட்டர் விழுந்துவிட்டோம்’ என்று தோன்றும் சாதாரணக் குலுக்கலில், முன்னால் உயரமானியைப் பார்த்தால் பெரும்பாலும் சில பத்து அடிகள்தான் அசைந்திருக்கும். அதற்காக நாங்கள் சும்மா இருப்பதில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறோம். முன்னால் போன விமானங்கள் எந்த உயரத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறோம். மேலேயோ கீழேயோ 2,000 அடி மாறினால் பல நேரம் அமைதியாகிவிடும். சில நேரம் அந்த உயரத்தில் வேறு விமானம் இருக்கும், அனுமதி கிடைக்காது. அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

எங்கள் ரேடார் மழைத்துளியைக் காட்டும். மேகமே இல்லாத தெளிந்த காற்றில் வரும் குலுக்கலைக் காட்டாது. ஆகவே இதை ஒவ்வொரு பயணியிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன்: பெல்ட் விளக்கு அணைந்திருந்தாலும், உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டுக்கொள்ளுங்கள். குலுக்கலில் அடிபடுபவர்களில் பெரும்பாலானவர்கள் பெல்ட் போடாதவர்களும், நின்று வேலை செய்யும் கேபின் குழுவினரும்தான். அவர்களுக்கு வேறு வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது.

எந்த இருக்கை நல்லது?

குலுக்கல் பிடிக்காதவர் இறக்கைக்கு மேலே உட்காரலாம். சீ-சா பலகையின் நடுப்பகுதி போல அங்கே அசைவு குறைவு. கடைசி வரிசைகளில் மேலும் கீழும் போவதோடு பக்கவாட்டில் வாலாட்டமும் சேர்ந்துகொள்ளும். சத்தம் வேண்டாம் என்றால் இன்ஜினுக்கு முன்னால் உட்காருங்கள். ஜன்னலுக்காகவே பணம் கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பல 737-களில் இடது பக்கம், இறக்கைக்குச் சற்று முன்னால், ஒரு வரிசையில் ஜன்னலே இருக்காது. ஏசிக் குழாய் அந்த இடத்தில் சுவருக்குள் மேலே ஏறுகிறது.

ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மேலே ஏறிச் சிறிது நேரத்தில் ஆட்டோபைலட்டைப் போடுகிறோம், உண்மைதான். ஆனால் எந்த உயரம், எந்தத் திசை, எப்போது இறங்குவது, எந்த மேகத்தைச் சுற்றிப் போவது என்று அதற்குச் சொல்வது நாங்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார், வானொலியில் பேசுவார். அடுத்த பயணத்தில் பெரும்பாலும் இருவரும் வேலையை மாற்றிக்கொள்வோம். நீங்கள் மெச்சிய அந்த மென்மையான லேண்டிங் துணை விமானியுடையதாக இருக்கலாம்.

தானாகவே தரையிறங்கும் வசதி உண்டு. கடும் பனிமூட்டத்தில் ஓடுபாதை கண்ணுக்கே தெரியாதபோது அதைப் பயன்படுத்துகிறோம். மற்ற நாட்களில் பெரும்பாலும் கையால்தான் இறக்குகிறோம். பலர் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. பக்கக் காற்று பலமாக அடிக்கும் நாளில் தானியங்கி இறக்கத்துக்கு அனுமதி கிடையாது. அதன் வரம்பு மனிதக் கையின் வரம்பைவிடக் குறைவு. ஏ320 குடும்பத்தில் தானியங்கி இறக்கத்துக்குச் சுமார் 20 நாட் (மணிக்கு 37 கி.மீ.) வரைதான். கையால் இறக்கும்போது, காற்றின் திடீர் வீச்சோடு சேர்த்து 38 நாட் வரை இறக்கிக் காட்டப்பட்டிருக்கிறது, அதாவது மணிக்கு 70 கி.மீ. அன்று விமானம் நண்டு போலக் கோணலாக ஓடுபாதையை நோக்கி வருவதை ஜன்னலில் பார்க்கலாம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு காலால் பெடலை அழுத்தி மூக்கை நேராக்குகிறோம்.

சில நாள் ‘டமால்’ என்று இறக்குகிறீர்களே?

ஒரு தடவை அடைமழையில் இறங்கிய பிறகு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கைத்தடி ஊன்றி வந்த வயதான அம்மா ஒருவர், “என்ன தம்பி, இப்படி டமால்னு போட்டுட்டீங்க?” என்று கேட்டார். “வேணும்னுதாம்மா போட்டேன்” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த கூட்டத்தை நிறுத்திவிட்டு “ஏன்?” என்று கேட்டார். அந்த ஒற்றைச் சொல்லுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவருக்குச் சொன்னது இதுதான். ஈரமான ஓடுபாதையில் மெல்லத் தடவினாற்போல் இறங்கினால், டயருக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் நின்றுவிடலாம். சக்கரம் சுழலாமல் வழுக்கும், பிரேக் பிடிக்காது. கொஞ்சம் அழுத்தி வைத்தால் டயர் படலத்தைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். சக்கரத்தில் எடை விழுந்தது உணரப்பட்டால்தான் இறக்கையின் மேல் உள்ள தகடுகளும் முழுதாக எழுந்து நிற்கும். அவை எழுந்தால் இறக்கை தூக்குவதை நிறுத்தும், விமானத்தின் எடை முழுவதும் சக்கரத்துக்கு வரும். இதற்கிடையில் மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு நொடிக்கும் 70 மீட்டர் ஓடுபாதை கழிந்துகொண்டிருக்கிறது. மென்மையாக வைக்க வேண்டும் என்று ஐந்து நொடி மிதந்தால் 350 மீட்டர் போய்விடும். பயணிகள் மதிப்பெண் போடுவது மென்மைக்கு. எங்கள் கணக்கு, சரியான இடத்தில் சரியான வேகத்தில் தொட்டோமா என்பதுதான்.

அதற்காக எல்லா ‘டமால்’களும் வேண்டுமென்றே போட்டவை என்று சொல்ல மாட்டேன். சில சமயம் கணிப்பு தப்பும். அளவுக்கு மீறி அடித்திருந்தால் பொறியாளர்கள் சோதித்துப் பார்க்காமல் அந்த விமானம் மறுபடி கிளம்பாது.

தரையைத் தொடப் போன விமானம் சட்டென்று மறுபடி மேலே ஏறினால் ஆபத்தா?

இல்லை. முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையைவிட்டு இன்னும் விலகவில்லை, காற்று திடீரென மாறிவிட்டது, வேகமோ உயரமோ சரியாக அமையவில்லை என்று எதுவாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் மேலே ஏறிச் சுற்றி வருவதுதான் பாதுகாப்பு. அறிவிப்பு வர ஓரிரு நிமிடம் தாமதமானால் கலங்காதீர்கள். சக்கரம், மடல்கள், உயரம், வானொலி என்று முன்னால் அத்தனை வேலை. உங்களிடம் பேசுவது அதற்கு அப்புறம்தான்.

இன்ஜின் நின்றுபோனால்?

ஒன்று நின்றால் மற்றொன்று போதும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிக மோசமான நொடியில் ஒன்று நின்றாலும் மிச்சமுள்ள ஒன்றால் மேலே ஏற முடிய வேண்டும் என்பது விதி. ‘வி1’ என்ற வேகத்தைத் தாண்டியதும் கேப்டன் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்தப் போவதில்லை என்பதை அந்தக் கையே காட்டும். இந்தப் பயிற்சியை சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

இரண்டுமே நிற்பது அபூர்வம். நின்றாலும் விமானம் கல் போல விழாது, சறுக்கிக்கொண்டு போகும். 36,000 அடியிலிருந்து சுமார் 150 கி.மீ. தூரம் போகலாம். 1988 மே 24-இல் டாகா நிறுவனத்தின் 737 ஒன்று கடும் மழையிலும் ஆலங்கட்டியிலும் சிக்கி இரண்டு இன்ஜினையும் இழந்தது. நியூ ஆர்லியன்ஸ் அருகே ஒரு புல் கரைமேல் அதை இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வகை இன்ஜினின் வடிவமைப்பையே திருத்தினார்கள். 2009 ஜனவரி 15-இல் யு.எஸ். ஏர்வேஸின் ஏ320 நியூயார்க்கிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் வாத்துக் கூட்டத்தில் மோதியது. கேப்டன் சல்லன்பெர்கரும் துணை விமானி ஸ்கைல்ஸும் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார்கள். 155 பேரும் உயிரோடு வந்தார்கள். பறவை மோதியதிலிருந்து தண்ணீரைத் தொட்டது வரை அவர்களுக்குக் கிடைத்தது மூன்றரை நிமிடம். அந்தப் பரபரப்பிலும் சல்லன்பெர்கர் உடனே ஏ.பி.யு.வைப் போட்டார். கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு மின்சாரம் தடைபடாமல் இருந்ததில் அந்த ஒரு சுவிட்சுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆக்சிஜன் முகமூடியை முதலில் நமக்குத்தான் போட வேண்டுமா? குழந்தைக்கு இல்லையா?

முதலில் உங்களுக்கு. பெற்றவர்களுக்கு இது மனம் ஒப்பாத விஷயம் என்று தெரியும். ஆனால் 35,000 அடியில் அழுத்தம் போய்விட்டால் தெளிவாக யோசித்துச் செயல்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் கிடைக்கும். குழந்தையின் முகத்தில் பொருத்தப் போராடும்போதே நீங்கள் மயங்கிவிட்டால் இருவருக்கும் உதவி இல்லை. நீங்கள் போட்டுக்கொண்டால் குழந்தைக்கு நிதானமாகப் போட்டுவிடலாம்.

கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 14,000 அடி உயரத்துக்கு இணையாகக் குறைந்தால் முகமூடி தானாக விழும். ஆக்சிஜன் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு வரும். பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டுதான் இருக்கும். அதற்குள் நாங்கள் 10,000 அடிக்கு வேகமாக இறங்கிவிடுவோம். அந்த இறக்கம் பயமுறுத்தும், ஆனால் அது கட்டுப்பாட்டோடு செய்வது.

இதில் அலட்சியம் எவ்வளவு கொடியது என்பதற்கு 2005 ஆகஸ்ட் 14-இல் கிரீஸில் விழுந்த ஹீலியோஸ் நிறுவனத்தின் 737 சாட்சி. அழுத்தக் கட்டுப்பாட்டு சுவிட்ச் தவறான நிலையில் இருந்தது. எச்சரிக்கை ஒலியை விமானிகள் வேறொன்றாக எடுத்துக்கொண்டு மயங்கிப்போனார்கள். 121 பேர் இறந்தார்கள். இன்றும் சரிபார்ப்புப் பட்டியலில் அந்த வரி வரும்போது நான் சுவிட்சைக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் விரலால் தொட்டும் பார்க்கிறேன்.

யாராவது நடுவானில் கதவைத் திறந்துவிட்டால்?

உயரத்தில் முடியாது. உள்ளே இருக்கும் காற்று கதவைப் பல டன் விசையோடு சட்டத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். தரைக்குப் பக்கத்தில் அந்த அழுத்த வேறுபாடு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். 2023 மே மாதம் ஏசியானா ஏ321 ஒன்று இறங்குவதற்குச் சற்று முன்பு, சுமார் 700 அடி உயரத்தில், ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்துவிட்டார். விமானம் பத்திரமாக இறங்கியது. அவசர வழிக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம் கேபின் குழுவினர் தனியாக வந்து பேசுவதைச் சடங்காக எண்ண வேண்டாம்.

737 மேக்ஸில் ஏறலாமா?

மறைக்காமல் சொல்கிறேன். 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் என 737-இன் புதிய தலைமுறையான இந்த மேக்ஸின் இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். எம்கேஸ் என்ற மென்பொருள் ஒரே ஒரு உணரியை நம்பி மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே விமானிகளுக்கு முதலில் முறையாகச் சொல்லப்படவில்லை. எங்கள் தொழிலில் யாருக்கும் ஆறாத புண் அது. உலகம் முழுவதும் அந்த விமானம் நிறுத்தப்பட்டு, 2020 நவம்பரில் அமெரிக்காவில் மறுபடி அனுமதி பெற்றது. இப்போது அந்த மென்பொருள் இரண்டு உணரிகளையும் ஒப்பிடுகிறது, திரும்பத் திரும்பத் தள்ளுவதில்லை, விமானிகளுக்கு அதற்கென்று பயிற்சி உண்டு. 2024 ஜனவரி 5-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9-இல் கதவுக்குப் பதிலாக வைத்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது வேறு கதை. தொழிற்சாலையில் நான்கு போல்ட்டுகளைப் பொருத்தாமல் விட்டிருந்தார்கள். அதில் யாரும் இறக்கவில்லை. என் குடும்பம் இன்று மேக்ஸில் ஏறினால் தடுக்க மாட்டேன். ஆனால் அந்த 346 பேரை மறந்துவிட்டு அதைப் பற்றிப் பேசவும் மாட்டேன்.

போனை ஃப்ளைட் மோடில் போடாவிட்டால் என்ன ஆகும்?

விமானம் விழாது. ஆனால் சில போன்கள் கோபுரத்தைத் தேடும்போது எங்கள் ஹெட்போனில் ‘டிட்-டிடிட்-டிட்’ என்ற இரைச்சல் வரும். இறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறை சொல்லும் ஓர் எண் அந்த இரைச்சலில் மறைந்தால் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். அப்புறம், பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அது தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் இருக்கிறது, கீழே சரக்கறையில் இல்லை.

காது அடைத்து வலிக்கிறதே?

பறக்கும்போது கேபினில் அதிகபட்சம் 8,000 அடி மலையில் இருப்பது போன்ற அழுத்தம். இறங்கும்போது அது கூடுவதால் காது அடைக்கும். விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். கடும் சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. எங்களுக்குச் சளி பிடித்தால் நாங்களும் பறப்பதில்லை.

இந்தச் சின்ன விமானத்தில் கடல் தாண்டுகிறார்களாமே?

தாண்டுகிறார்கள். ஏ321 எக்ஸ்.எல்.ஆர். 8,700 கி.மீ. வரை பறக்கும். 2024 நவம்பரில் ஐபீரியா அதை மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு ஓட்டத் தொடங்கியது. பெரிய விமானத்தை நிரப்ப முடியாத இரண்டு ஊர்களுக்கு நேரடியாகப் போகலாம் என்பது நல்ல விஷயம். எட்டு மணி நேரம் ஒரே நடைபாதையில், உணவு வண்டி வழியை அடைத்து நிற்கும்போது கழிப்பறைக்குப் போக நினைப்பது அவ்வளவு நல்ல விஷயமல்ல.

ஒரு நாளில் எத்தனை தடவை பறப்பீர்கள்?

குறுகிய தூரம் என்றால் நான்கு. பெரிய விமானக்காரர்கள் ஒரு மாதத்தில் செய்யும் லேண்டிங்கை நாங்கள் ஓரிரு நாளில் செய்துவிடுவோம். களைப்பு வானத்தில் இல்லை, தரையில்தான். அரை மணி நேரத்துக்குள் இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏற்ற வேண்டும். எல்லாம் தயாரான பிறகும் சில நாள் கிளம்பாமல் நிற்போம். ஒரு காரணம் பிரேக். ஏ320-இல் அதன் சூடு 300 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆறும் வரை புறப்படக் கூடாது. குறைந்த நேரத்தில் அடுத்தடுத்து இறங்கும் விமானத்துக்கே உரிய தொல்லை இது. ‘ஏன் இன்னும் கிளம்பவில்லை’ என்று பின்னால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கும்போது, முன்னால் இரண்டு பேர் திரையில் 340, 330, 320 என்று இறங்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அடிக்கடி ஏறி இறங்குவது விமானத்தின் உடலையும் தேய்க்கும். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் உப்பிச் சுருங்குகிறது. 1988 ஏப்ரல் 28-இல் அலோஹா ஏர்லைன்ஸின் 737 ஒன்றின் கூரை 24,000 அடியில் பிய்ந்துபோனது. அது அதுவரை 89,000-க்கும் மேற்பட்ட முறை பறந்திருந்தது. கேபின் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். பழைய விமானங்களின் உலோகச் சோர்வைத் தேடிப் பிடிக்கும் சோதனைகள் அதற்குப் பிறகுதான் இவ்வளவு கறாராக மாறின.

காக்பிட்டை எட்டிப் பார்க்க முடியுமா?

பறக்கும்போது முடியாது, கதவு பூட்டியிருக்கும். தரையில் நின்று, இன்ஜின் அணைந்து, மற்றவர்கள் இறங்கிய பிறகு கேபின் குழுவினரிடம் கேளுங்கள். அடுத்த பயணத்துக்கு அவசரம் இல்லாவிட்டால் பெரும்பாலும் சரி என்போம். ஏ320 என்றால் ஸ்டிக்கைத் தேடுங்கள், அது எவ்வளவு சிறியது என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள். 737 என்றால் நடுவில் உள்ள அந்தக் கறுப்புச் சக்கரத்தைப் பாருங்கள். அதன் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். சக்கரம் சுற்றுகிறது என்பது ஓரக்கண்ணிலேயே தெரிவதற்காகப் போட்ட கோடு அது.